சூதும் மருந்தும்



திருக்குறளின் பொருட்பாலில் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 93ஆவது கள்ளுண்ணாமை, 94ஆவது சூது, 95ஆவது மருந்து. இந்த வரிசையின் பொருத்தத்தை நான் பலமுறை எண்ணி வியந்ததுண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல்தான் சூதாட்ட வெறியை நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதனைக் குடி முதலிய போதைப் பழக்கங்களோடு ஒரே பகுப்பில் வைத்தது 2013இல். சூது கள்ளின் அண்டை வீட்டுக்காரன் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று.

தோற்றவன் ஏன் நிறுத்துவதில்லை? எங்கள் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். சூளையில் இட்ட பொம்மைகளில் சில வெடித்துவிட்டால், தொழிலாளி காரணத்தைத் தேடுகிறார். மண்ணில் ஈரம் மிகுந்ததா, வெப்பம் விரைந்து ஏறியதா என்று ஆராய்ந்து, அடுத்த முறை திருத்திக்கொள்கிறார். நேற்றைய நட்டம் இன்றைக்கு ஆசானாகிறது. சூதிலோ அத்தகைய பாடம் இல்லை. நாணயத்தைச் சுண்டி ஐந்து முறை பூ விழுந்தாலும், ஆறாம் முறை தலை விழும் வாய்ப்பு பாதியே. நாணயத்துக்கு நினைவு கிடையாது. ஆடுகிறவனோ, 'இத்தனை முறை தோற்றேன். இனி வெற்றி வந்தே தீரும்' என்று கணக்கிடுகிறான். விட்டதைப் பிடிக்க மேலும் விடுகிறான். மயிரிழையில் தவறிய தோல்வியும் வெற்றியைப் போலவே மூளையைக் கிளறிவிடுகிறது என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

முன்பு சூதாடச் சூதாட்டக் களத்திற்குப் போக வேண்டும். இன்று களம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. கைப்பேசியில் ஆடிப் பொருளிழந்து, கடனில் மூழ்கி, உயிரையே மாய்த்துக்கொண்டவர்கள் நம் தமிழ்நாட்டில் உண்டு. நீதிபதி சந்துரு தலைமையில் 2022இல் ஒரு குழு இதனை ஆராய்ந்தது. 2023இல் மாநிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025இல் நடுவண் அரசும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சட்டம் கதவை அடைக்கலாம். உள்ளே மூண்ட வேட்கையைத் தணிக்க மருத்துவம் வேண்டும்.

அம்மருத்துவம் உண்டு. மனநல வல்லுநர், நோயாளியின் பொய்க்கணக்குகளை அவரோடு அமர்ந்து ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் ஆட்ட வேட்கை எழுகிறது என்று கண்டறிந்து, அந்நேரத்திற்கு வேறு வழி வகுக்கிறார். உடனிருக்கும் மனச்சோர்வுக்கும் குடிக்கும் சிகிச்சை அளிக்கிறார். பணப் பொறுப்பைச் சில காலம் நம்பிக்கையான ஒருவரிடம் விடச் சொல்கிறார். மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் சங்கமொன்று 1957இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தோன்றிப் பல நாடுகளில் பரவியது. இடையில் ஒருமுறை வழுக்கினால் எல்லாம் போயிற்று என்பதில்லை. சிகிச்சையைத் தொடர வேண்டும்.

குடும்பத்தார் செய்யும் பிழை ஒன்றுண்டு. மானத்துக்கு அஞ்சிக் கடனை மறைவாக அடைத்துவிடுகிறார்கள். நோய் அப்படியே இருக்க, அடைத்த பணம் அடுத்த ஆட்டத்திற்கே வழிவிடுகிறது.

நண்பர்களே, உங்கள் தோழன் ஒருவன் அடிக்கடி கடன் கேட்கிறானா? காரணத்தை மறைக்கிறானா? அவனை இகழாதீர்கள், பணமும் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். சூதுக்கு அடுத்த அதிகாரம் மருந்து என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.