பள்ளி வாசலில் யாரை நிறுத்துவது?

சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களே, வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் பஸ் பிடித்து இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே!

நம் முன்னால் ஒரு மனு இருக்கிறது. நம் மாவட்டத்தின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி வாசல்களில் மெட்டல் டிடெக்டர் வைக்க வேண்டும், சோதனை செய்துதான் பிள்ளைகளை உள்ளே விட வேண்டும் என்று கேட்கிற மனு. எனக்கு முன்னால் பேசிய ஒரு தகப்பனார், "காலையில போன புள்ள சாயங்காலம் முழுசா வீட்டுக்கு வந்தா போதும், மார்க்கெல்லாம் அப்புறம்தான்" என்றார். அதற்கு இந்த அரங்கத்தில் யாரும் கைதட்டவில்லை. பேசாமல் தலையாட்டினீர்கள். அந்தப் பயத்தைச் சின்னதாக்கிப் பேச எனக்கு வாய் வராது.

பயப்படக் காரணம் இருக்கிறது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றான். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் கூடப் படிக்கிற பையனை அரிவாளால் வெட்டினான். ஒரு பென்சிலில் தொடங்கிய மனக்கசப்பு. தடுக்கப் போன ஆசிரியைக்கும் கையில் வெட்டு விழுந்தது. அந்த அரிவாள் புத்தகப் பைக்குள்தான் வகுப்பறைக்கு வந்தது. வாசலில் ஒரு கருவி இருந்து, அதைப் பிடிக்க ஒரு ஆளும் இருந்திருந்தால் அந்த நாள் வேறு மாதிரி முடிந்திருக்கலாம். மனு போட்டவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மற்றதையும் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவனை, அவனோடு படித்த பையன்கள் வீடு தேடி வந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அரிவாள் பள்ளி வாசலைத் தாண்டவே இல்லை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பிளஸ் ஒன் மாணவனை வெட்டியது, பரீட்சை எழுத அவன் போன பஸ்ஸை வழிமறித்து. 2024 நவம்பரில் தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினத்தில் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியையை வெளியாள் ஒருவன் பள்ளிக்குள்ளேயே வந்து குத்திக் கொன்றான். அவனைத் தடுக்கக் கருவி வேண்டியதில்லை. "நீ யார், யாரைப் பார்க்கணும்?" என்று கேட்க வாசலில் ஒரு காவலாள் வேண்டும்.

நாங்குநேரியை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பையன் திடீரென்று வெட்டப்படவில்லை. கூடப் படித்தவர்கள் சாதி சொல்லி அவனை ஏவல் வாங்கினார்கள், மிரட்டினார்கள். பொறுக்க முடியாமல் அவன் சில நாள் பள்ளிக்கே போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவன் யார் யார் என்று சொன்னான். அன்றைக்கு ராத்திரியே அரிவாள் வந்துவிட்டது. சில நாள் வராத பிள்ளையின் காலி இடம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துதான் இருந்தது. புகார் சொன்ன பிள்ளைக்கு அன்றிரவு யார் காவல் என்று யோசிக்க அங்கே ஒரு ஏற்பாடு இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். கனியாமூர் என்ற பெயரைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் பள்ளிப் பாதுகாப்பைப் பற்றிப் பேச முடியாது. 2022 ஜூலை 13 அன்று, அங்கே பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் டூ மாணவி பள்ளி வளாகத்தில் இறந்து கிடந்தாள். அந்தச் சாவைப் பற்றி மேடையில் தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் அந்த விடுதி முறையான உரிமம் இல்லாமல் நடந்தது என்று மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. எட்டு வருஷம் கழித்தும் நம் பிள்ளைகள் படுத்து எழும் கட்டடத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று பெற்றோர் யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஜூலை 17 ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். பஸ்கள் எரிந்தன, வகுப்பறைகள் சூறையாடப்பட்டன, ஒரு பாவமும் அறியாத பிள்ளைகளின் சான்றிதழ்கள் தீயில் போயின. துக்கமும் சந்தேகமும் போய்ச் சேர ஒரு நேரான வழி இல்லாதபோது ஊர் அப்படித்தான் வெடித்தது. அந்தச் சாவிலும் சரி, அந்தத் தீயிலும் சரி, வாசலில் நிற்கும் இரும்பு வளையம் எதைக் கண்டுபிடித்திருக்கும்?

அதே ஜூலை 17தான் அந்த வருஷத்து நீட் தேர்வு நாள். இங்கே புகை எழுந்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துத் தேர்வு மையம் ஒன்றில் மெட்டல் டிடெக்டர் ஒலித்தது. ஒலி கிளப்பியது பெண் பிள்ளைகளின் உள்ளாடைக் கொக்கி. அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார்கள். கூந்தலை முன்னால் போட்டு மறைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் டாக்டர் ஆவதற்கான பரீட்சை எழுதின. பிறகு வழக்கு, கைது, மறுதேர்வு எல்லாம் வந்தன. நம்மிலும் பலர் நீட் மைய வாசலில் நின்றவர்கள்தான். பிள்ளையின் கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டு, முழுக்கைச் சட்டையை மாற்ற வேறு சட்டை தேடி ஓடியவர்கள். வருஷத்தில் ஒரு நாள் நடப்பதை, பள்ளி நடக்கிற அத்தனை நாளும் நடத்தச் சொல்லித்தான் இந்த மனு கேட்கிறது.

ஒரு பள்ளிக்கூடப் பையைத் திறந்து பாருங்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஸ்டீல் தண்ணீர் பாட்டில். ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ், டிவைடர். சைக்கிள் சாவி. பையனுக்கு பெல்ட் பக்கிள், அரைஞாண் கயிற்றில் ஒரு தாயத்து. பெண் பிள்ளைக்குக் கொலுசு, தலையில் கிளிப், துப்பட்டாவில் ஊக்கு. இதில் எதற்குத்தான் கருவி ஒலிக்காது? ஒவ்வொரு ஒலிக்கும் நிறுத்தி, திறந்து, தடவிப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பத்தே வினாடி என்று வையுங்கள். 800 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒரு கருவியை வைத்துச் சோதித்தால் ஏறக்குறைய இரண்டே கால் மணி நேரம் ஆகும். முதல் இரண்டு பீரியடும் வாசலிலேயே முடிந்துவிடும். இல்லையென்றால் ஒலியைக் காதில் வாங்காமல் எல்லாரையும் உள்ளே விடுவார்கள். கோயில்களிலும் மால்களிலும் அப்படித்தானே நடக்கிறது?

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிற துயரம் இருக்கிறது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் 1980களின் கடைசியிலேயே மெட்டல் டிடெக்டர் வந்துவிட்டது. 1992இல் அந்த நகர உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமே கேட்டு ஒரு ஆய்வு செய்தார்கள். கருவி இருந்த பள்ளிகளில், பள்ளிக்குள் ஆயுதம் கொண்டுவந்ததாகச் சொன்னவர்கள் 100க்கு 8 பேர். கருவி இல்லாத பள்ளிகளில் 14 பேர். ஆயுதம் குறைந்திருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் மிரட்டலும் அடிதடியும் இரண்டு வகைப் பள்ளியிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. பள்ளிக்கு வெளியே ஆயுதம் வைத்துக்கொண்டு திரிவதும் குறையவில்லை. அங்கேயும் பெற்றோர் இரண்டாகப் பிரிந்துதான் நிற்கிறார்கள். எதுவாவது செய்யுங்கள் என்று ஒரு பக்கம். எங்கள் கறுப்பினப் பிள்ளைகளைத் தினமும் கைதிகள் போல நிறுத்திச் சோதிக்கிறீர்களே என்று இன்னொரு பக்கம்.

அந்த இரண்டாவது குரல் எனக்கு வெள்ளிமலையும் கரியாலூரும் இருக்கிற நம் கல்வராயன் மலையை ஞாபகப்படுத்துகிறது. எல்லாரையும் சோதிப்போம் என்று தொடங்கும் சோதனை, சீக்கிரமே சிலரைச் சோதிப்பதில் வந்து நிற்கும். வாசலில் நிற்கிறவருக்கு எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று தெரியும். 2024 ஜூனில் நம் மாவட்டத்துக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகு மலையிலிருந்து வருகிற பிள்ளையைப் பார்த்து "சாராயம் காய்ச்சுற மலைதானே" என்று நாக்கூசாமல் சொன்னதை நான் இந்த ஊர்க் கடைத்தெருவில் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் பையை வாசலில் இரண்டு தரம் கொட்டிப் பார்ப்பார்கள். 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை அது. அந்த மக்களுக்கு ரோடும் ஆஸ்பத்திரியும் பள்ளியும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. அங்கிருந்து ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டி வருவதே பெரிது. வந்த பிள்ளையைச் சந்தேகத்தோடு வரவேற்றால் அடுத்த திங்கட்கிழமை அது வராது. கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ அப்பா அம்மாவோடு தோட்ட வேலைக்குப் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. இது கரும்பு வெட்டுகிற மாவட்டம். அரிவாளோ கொடுவாளோ இல்லாத வீடு இங்கே அபூர்வம். தீவனம் அறுத்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அரிவாள் அவர்கள் கைக்குப் புதிதில்லை. அது வேலைக் கருவியாகவே இருக்கிற வரை பிரச்சினை இல்லை. ஒரு பிள்ளை அதைப் பைக்குள் வைக்கும் முன்னால் அவன் மனசில் பல நாள் ஏதோ நடந்திருக்கிறது. அந்தப் பல நாளில் யார் அவனோடு பேசினார்கள் என்பதுதான் என் கேள்வி.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. அறிக்கை முதல்வர் கைக்குப் போனது 2024 ஜூன் 18. மறுநாள் காலையில் கருணாபுரத்தில் பிணங்கள் விழத் தொடங்கின. நம் மாவட்டத்தில் அந்த அறிக்கையைப் பேச யாருக்கும் மனசு இருந்திருக்காது. சாதி அடையாளக் கயிறுகள் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்ற பரிந்துரைகள் செய்தியில் அடிபட்டன. அவ்வளவாகக் காதில் விழாத ஒன்று அதில் இருக்கிறது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நலன் பார்க்க ஒரு தனி அலுவலர் வேண்டும், சாதிக் கொடுமை, போதை, பாலியல் தொல்லை, ராகிங் பற்றிய புகார்களை அவர் கவனிக்க வேண்டும் என்கிறது அது. ஆலோசகர்களும் வேண்டும் என்கிறது. நம் பணத்தை அரசு எதில் போட வேண்டும் என்று என்னைக் கேட்டால், கருவிக்கு முன்னால் அந்த ஆளுக்குச் சம்பளம் போடுங்கள் என்பேன்.

கொஞ்சம் முன்னால் மலையிலிருந்து வந்த ஒரு அம்மா எழுந்து கேட்டார். "எங்க பள்ளிக்கூடத்துக்குச் சுத்துச்சுவரே இல்லீங்க. வாசல்னு எதச் சொல்றீங்க? எம் பொண்ணு ஆஸ்டல்ல இருக்கா. ராத்திரி வயித்து வலின்னா எழுப்ப வார்டன் அங்க படுத்திருக்காங்களா, அதச் சொல்லுங்க மொதல்ல." இன்றைய கூட்டத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் பேசவில்லை, நான் உட்பட. மலையில் நிறையப் பிள்ளைகளின் படிப்பு உண்டு உறைவிடப் பள்ளியில்தான் நடக்கிறது. அங்கே பாதுகாப்பு என்றால் ராத்திரி பத்து மணிக்கு விடுதியில் யார் இருக்கிறார், கழிவறைக்குப் போகிற வழியில் லைட் எரிகிறதா, மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் நடந்து போனார் என்பதுதான்.

ஆகவே மனுவைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. மெட்டல் டிடெக்டர் என்ற வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேறு எழுதுவோம். ஒவ்வொரு பள்ளிக்கும் சம்பளம் உள்ள ஒரு காவலாள். காலையில் மணி அடிக்கும் முன் அரை மணி நேரம், முறை வைத்து, வாசலில் ஒரு ஆசிரியர். வருகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே விட வேண்டும். அழுத கண், வீங்கிய கன்னம், வராத பிள்ளை எல்லாம் அந்த ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். விடுதி உரிமத்தின் நகல் வாசல் சுவரில். 14417, 1098 உதவி எண்கள் பிள்ளைகளின் கண் மட்டத்தில், ஹெட்மாஸ்டர் அறைக்குள்ளே அல்ல. பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் மாணவர் மனசுப் பெட்டியைத் திறக்கும்போது பெற்றோர் தரப்பில் ஒரு பெண் உடனிருக்க வேண்டும். புகார் சொன்ன பிள்ளைக்கு அன்றைக்கே பாதுகாப்பு. ஒரு பையனிடம் ஆயுதம் இருப்பதாகத் திட்டமான தகவல் வந்தால் அன்றைக்கு மட்டும், தலைமையாசிரியர் முன்னிலையில், மறைவிடத்தில், மரியாதையோடு சோதனை. அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவின் தலைவராக இருப்பது ஒரு பெற்றோர்தான். அந்தக் குழுவில் தீர்மானம் போட்டால் அது பதிவேட்டில் ஏறும், மேலே போகும், பதில் கேட்கலாம். அடுத்த கூட்டத்திலேயே போடுங்கள். தனியார் பள்ளியில் பிள்ளை படிக்கிறவர்கள் பத்துப் பேராகச் சேர்ந்து போய் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

திருத்திய மனு இந்த மேசையில் இருக்கிறது. மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது. அதனால் வெள்ளிமலை, கரியாலூர்த் தாய்மார்கள் முதலில் வாருங்கள். சுற்றுச்சுவரையும் ராத்திரி வார்டனையும் முதல் இரண்டு கோரிக்கையாக எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டவுன்காரர்கள் நாம் அதற்குக் கீழே போடுவோம்.