விளையாட்டாய்ச் சில சொற்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் புலவனல்லன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆங்கிலம் எனக்குச் சோறு போடுகிறது. தமிழ் என் தாய் தந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே நாள்தோறும் போய் வருகிறவனுக்குச் சில சொற்கள் காலில் இடறும். அவற்றுள் ஒரு சிறு கூட்டத்தைப் பற்றிப் பேச விழைகிறேன்.

நம் குடியிருப்பு வீடுகளில் மாலை வேளையில் கேட்கும் வசவு ஒன்று உண்டு: “இவனுக்கு எல்லாம் விளையாட்டு!” பால் வாங்கப் போனவன் ஒரு மணி நேரம் கழித்து வந்தால் இந்த வசவு. தங்கையின் பென்சிலை ஒளித்து அழவைத்தாலும் இதே வசவு. கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் என்ஜின் படம் வரைந்தாலும் இதுவே. மூன்றும் ஒரே குற்றமா?

ஆங்கிலேயன் மூன்றுக்கும் மூன்று சொல் வைத்திருக்கிறான். வழியில் பேசி நின்று காலந்தாழ்த்தினால் ‘டாலி’. அச்சொல் பழைய பிரெஞ்சு மொழியில் உரையாடுதல் என்ற பொருளில் இருந்ததாம். பேச்சு வளர்ந்தால் பால் வாங்கும் வேலை தாழும் என்பதை அச்சொல்லின் வரலாறே சொல்லிவிடுகிறது. மதிக்க வேண்டியதை மதியாமல் கையாண்டால் ‘டிரைஃபிள்’. இதன் வேரும் பழைய பிரெஞ்சிலேதான். அங்கே ஏளனம், ஏமாற்று என்று பொருள். “என்னோடு விளையாடாதே” என்று நாம் கடுகடுக்கும்போது அந்தப் பொருளில்தான் பேசுகிறோம். மூன்றாவது சொல் ‘டாபிள்’. ஆழமாக இறங்காமல் மேலோடு கைவைத்துப் பார்த்தல்.

இந்த மூன்றாவதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். நீரில் கைவிட்டுத் தளதளவென்று அடித்தல் என்பதே அதன் முதற்பொருள். தமிழில் அதற்கு ‘அளைதல்’ என்ற சொல் இருக்கிறது. “சோற்றை அளையாதே” என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதும் அதுவே. ஆங்கிலத்தில் ஒருவரை அந்தச் சொல்லால் குறித்தால் சற்றே இளக்காரம். வள்ளுவரோ, தம் மக்கள் சிறு கையால் அளைந்த கூழ் பெற்றோர்க்கு அமிழ்தினும் இனிது என்று பாடிவிட்டார். ஒரே செயல், அதை ஒருவர் குறையாகப் பார்த்தார், மற்றவர் சுவையாகப் பார்த்தார். மேலோட்டமான படிப்பைக் கண்டிக்க வேண்டுமானால் நமக்கு ‘நுனிப்புல் மேய்தல்’ தனியாக இருக்கவே இருக்கிறது. சிறுவன் கையை நீரில் அளைவதும், பெரியவன் பத்து நூல்களின் முன்னுரையை மட்டும் படித்துவிட்டு மேடையேறுவதும் நம் மொழியில் ஒன்றல்ல. (மேடையில் நிற்கும் என்னைப் பார்த்து யாரும் நகைக்க வேண்டா!)

‘அம்யூஸ்’ என்ற சொல்லைப் பாருங்கள். இன்று மகிழ்வித்தல் என்கிறோம். முன்னாளில் ஒருவனை வேறெங்கோ பார்க்க வைத்து ஏமாற்றுதல் என்ற பொருள் அதற்கு உண்டு. பகைவன் கவனத்தை ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறுபக்கம் தாக்குவதையும் படைத்துறையில் அச்சொல்லாலேயே சொன்னார்கள். தமிழில் ‘போக்குக் காட்டுதல்’ என்பதற்கும் இந்த இரட்டை முகம் உண்டல்லவா? அழும் குழந்தைக்குத் தாய் நிலவைக் காட்டிப் போக்குக் காட்டுகிறாள். கடன்காரனுக்கு மற்றொருவன் போக்குக் காட்டுகிறான்.

‘ஹாபி’ என்பது சிறு குதிரை. பின்பு சிறுவர் ஏறி ஆடும் பொம்மைக் குதிரைக்கும், ஆட்டக்காரன் இடுப்பில் கட்டிக்கொள்ளும் குதிரைக் கூட்டுக்கும் அப்பெயர் வந்தது. நம் தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரைக்கு அது உறவுமுறை போலும்! ஊர் போய்ச் சேராத சவாரி; ஆயினும் ஏறியவனுக்கு மகிழ்ச்சி. ‘அமெச்சூர்’ என்பதன் வேர் அன்பு. கூலிக்காக அன்றி அன்பினால் செய்பவன் என்பதே பொருள். அதே சொல் இன்று அரைகுறை என்ற இழிவையும் சுமக்கிறது.

நம் மும்பை நகரம் இந்த வகையில் ஒரு சொல்லை வழங்கியிருக்கிறது. மின்சார வண்டியில் காகிதக் கூம்பில் வேர்க்கடலை விற்பவன் “டைம்பாஸ், டைம்பாஸ்” என்று கூவுகிறான். ஆங்கிலேயன் ‘பாஸ்டைம்’ என்றதைத் தலைகீழாக்கினோம் என்று சிலர் சிரிப்பர். தமிழில் பொழுது முன்னே, போக்கு பின்னே நிற்கிறது. நம் நாட்டு நாவுக்கு அந்த வரிசையே இயல்பு. எனக்கு வருத்தம் வேறு. நம் பிள்ளைகளுக்கு இப்போது கடலையும் டைம்பாஸ், நட்பும் டைம்பாஸ், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பும் டைம்பாஸ். பெரியவர்கள் எல்லாவற்றையும் விளையாட்டு என்று வைகிறோம். சிறியவர்கள் எல்லாவற்றையும் டைம்பாஸ் என்று தள்ளுகிறார்கள். இரு தரப்பாருக்கும் ஒற்றைச் சொல்லே மிச்சம்.

தொல்காப்பியர் இப்படிச் சுருக்கவில்லை. ‘கெடவரல்’, ‘பண்ணை’ என்னும் இரண்டு சொற்களும் விளையாட்டைக் குறிக்கும் என்று உரியியலில் எழுதினார். மெய்ப்பாட்டியலில் அவர் செய்ததோ இன்னும் பெரிது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கையும் நகைக்கு நிலைக்களனாக வைத்தவர், விளையாட்டை அங்கே வைக்கவில்லை. செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு உவகையின் பகுதியில் வைத்தார். ஏளனத்துக்கும் பேதைமைக்கும் ஓர் அறை. விளையாட்டுக்கு வேறோர் அறை.

இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் வண்டிப் பாதையிலேயே ஒரு சான்று இருக்கிறது. நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராயிருந்தவர் டி. ஆர். கப்ரேக்கர். 1905-இல் டஹாணுவில் பிறந்த மராட்டியர். பட்டப் படிப்புக்குமேல் முறையாகக் கற்றவரல்லர். எண்களோடு விளையாடுவதே அவர் வாழ்வு. குடிப்பவனுக்கு மது எப்படியோ அப்படித் தமக்கு எண்கள் என்று சொன்னவர். 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121; 111-ஐ 111-ஆல் பெருக்கினால் 12321. இத்தகைய எண்களுக்கு அவர் ‘டெம்லோ எண்கள்’ என்று பெயரிட்டார். டெம்லோ எது தெரியுமா? பழைய ஜி. ஐ. பி. இரயில்வேயின் நிலையம், இன்றைய டோம்பிவிலிதான்! அந்த நிலையத்தில் அவ்வெண்ணம் உதித்ததால் அப்பெயர்.

1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அவர் 6174 என்ற எண்ணின் இயல்பை அறிவித்தார். நான்கு இலக்கங்களும் ஒன்றேயாகாத எந்த நான்கிலக்க எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். 3524 என்று வைப்போம். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும். 5432-இல் 2345 போனால் 3087. மறுபடி, 8730-இல் 0378 போனால் 8352. மறுபடி, 8532-இல் 2358 போனால் 6174. அதற்குமேல் எத்தனை முறை கழித்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் அங்கே வந்து நிற்கும்.

நம் நாட்டுக் கணித அறிஞர் சிலர் இதனை அற்ப வேலை என்று ஒதுக்கினார்கள். ‘டிரைஃபிள்’ என்ற அறையில் அடைத்தார்கள் எனலாம். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் என்ற அமெரிக்கர் ‘சயின்டிபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய பின்னரே உலகம் கப்ரேக்கரைத் திரும்பிப் பார்த்தது. 1986-இல் அவர் மறைந்தார். அவர் எண்களை மதியாமல் கையாண்டவரா? ஓர் எண்ணை வாழ்நாளெல்லாம் உற்று நோக்கியவரை அப்படிச் சொல்ல என் வாய் கூசுகிறது. சொல்லைப் பிழையாகப் போட்டதால் ஒரு மனிதர் கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.

பட்டறைகளில் உழைக்கும் நம்மவர் இரண்டு உறுப்புகளுக்கு இடையிலுள்ள தளர்ச்சியை ‘ஆட்டம்’ என்பார்கள். ஆங்கிலப் பொறியாளரும் அதனை ‘பிளே’ என்றே சொல்கிறார். சக்கரத்தின் விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் இடையே நம் அகலப் பாதையில் சுமார் 19 மில்லிமீட்டர் ஆட்டம் வைத்திருக்கிறார்கள். அது மிகுந்தால் ஆபத்து. அறவே இல்லையென்றால் வளைவில் வண்டி திரும்பாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளைகள் விளையாடத்தான் வருகிறார்கள், ஒழுங்காகப் படிக்காதவர்களை நிறுத்திவிடலாம் என்று செயற்குழுவில் ஒரு பேச்சு அடிபடுகிறது. முடிவெடுக்கும் பெரியோர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்து அட்டைகளைத் தரையில் வரிசையாக அடுக்கிக் ‘கூ’ என்று வண்டி ஓட்டுகிற சிறுவனும், அவனைக் கேலி செய்து அட்டையைக் கிழிக்கிற சிறுவனும் பதிவேட்டில் ஒரே பெயரில் ஏறலாகாது. முன்னவன் அளைகிறான், பின்னவன் எள்ளுகிறான். பின்னவனைக் கண்டியுங்கள். முன்னவனின் வண்டியில் ‘க’வுக்குப் பின் ‘கா’ வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த ஆண்டுக்கு அவனுக்கு அது போதும்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் கரும்பலகையில் ௩௫௨௪ என்று தமிழ் எண்ணால் எழுதி, கப்ரேக்கரின் கழித்தலைப் பிள்ளைகளுக்குக் காட்டும்படி ஆசிரியரை வேண்டியிருக்கிறேன். ௬௧௭௪ என்று முதலில் எழுதி முடிக்கும் பிள்ளைக்கு ஒரு கூம்பு வேர்க்கடலை, என் செலவில்.