பக்கத்து மாநிலமாகும் வெளிநாடு



எல்லை கடந்த குழந்தைப் பராமரிப்பு வழக்குகளைப் பற்றி நம் ஊரில் எங்கே கருத்தரங்கு நடந்தாலும், பேச்சு ஹேக் உடன்படிக்கையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. எல்லை கடந்த குழந்தைக் கடத்தல் பற்றிய 1980-ஆம் ஆண்டின் அந்த உடன்படிக்கையில் இந்தியா சேர வேண்டும் என்று சட்ட ஆணையம் 2009-இலேயே தன் 218-ஆவது அறிக்கையில் சொன்னது. இலங்கை 2001-இலேயே தனிச் சட்டம் இயற்றிச் சேர்ந்துவிட்டது. நாம் இன்னும் சேரவில்லை. அந்த விவாதத்தை இன்று ஒரு நாள் ஒத்திவைப்போம் என்பது என் வேண்டுகோள். உடன்படிக்கை குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொல்லுமே தவிர, யாரிடம் வளர வேண்டும் என்று சொல்லாது. நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ வாழும் நம் குடும்பங்களுக்கு அதைச் சொல்வது அந்தந்த மாநிலத்தின் சட்டம். நம்மவர்கள் அதிகம் படிக்காததும் அதுதான்.

அமெரிக்காவில் குடும்பச் சட்டம் மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் தோற்ற பெற்றோர் பிள்ளையோடு அடுத்த மாநிலத்துக்குப் போய்ப் புது வழக்குப் போடுவதைத் தடுக்கவே 1968-இல் ஒரு மாதிரிச் சட்டம் வரைந்தார்கள். அதன் ஓட்டைகளை அடைத்து 1997-இல் வந்ததுதான் இப்போது நடப்பில் இருக்கும் சீர்மைச் சட்டம். மாசசூசெட்ஸ் மட்டும் நெடுங்காலம் ஒதுங்கி நிற்க, மற்ற மாநிலங்கள் எல்லாம் அதை ஏற்றுக்கொண்டன. அதன் 105-ஆவது பிரிவு வெளிநாட்டை அமெரிக்காவின் இன்னொரு மாநிலமாகவே கருதச் சொல்கிறது. ‘நீ என் உத்தரவை மதித்தால்தான் நான் உன் உத்தரவை மதிப்பேன்’ என்ற பரஸ்பர நிபந்தனை அதில் இல்லை.

நம் பக்கம் நிலைமை வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு அறிவிக்கப்பட்ட நாடுகளின் பணத் தீர்ப்பாணைகளுக்கே பயன்படும். வெளிநாட்டுப் பராமரிப்பு உத்தரவு கவனிக்க வேண்டிய காரணிகளில் ஒன்று, குழந்தையின் நலனே முதன்மை என்று நம் உச்ச நீதிமன்றம் 2017-இல் மீண்டும் சொன்னது. ஆக, சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்தின் உத்தரவுக்கு நியூ ஜெர்சியில் கிடைக்கும் மரியாதை, நியூ ஜெர்சி உத்தரவுக்குச் சென்னையில் கிடைப்பதில்லை. இதைப் பெருமையாக எடுத்துக்கொள்வோரும் நம்மிடையே உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல.

ஆனால் அந்த மரியாதை சும்மா கிடைப்பதில்லை. நம் உத்தரவை அங்கே பதிவு செய்யக் கேட்பவை எளியவை: ஒரு கோரிக்கைக் கடிதம், உத்தரவின் இரண்டு நகல்கள், அவற்றில் ஒன்று சான்றிட்ட நகல், உத்தரவு மாற்றப்படவில்லை என்ற உறுதிமொழி. எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 20 நாளுக்குள் அவர் ஆட்சேபிக்க வேண்டும். அதற்கும் மூன்றே காரணங்கள்தாம்: உத்தரவிட்ட நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லை, உத்தரவு பிறகு ரத்தானது அல்லது மாறியது, தனக்கு முறையான அறிவிப்பு வரவில்லை.

முதல் காரணத்திலும் மூன்றாவதிலும்தான் நம் உத்தரவுகள் அடிபடக்கூடும். கோடை விடுமுறைக்குப் பிள்ளையை மயிலாப்பூருக்கு அழைத்து வந்து, பள்ளியில் சேர்த்துவிட்டு, இரண்டாம் மாதமே மனுப் போட்டால் என்ன ஆகும்? 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி பிள்ளை ‘வழக்கமாக வசிக்கும்’ இடம் சென்னைதான் என்று இங்கே வாதாடிப் பார்க்கலாம். அங்கேயோ வழக்குத் தொடுப்பதற்கு முன் தொடர்ந்து ஆறு மாதம் எங்கே வாழ்ந்தது என்றுதான் கேட்பார்கள். அறிவிப்பும் அப்படித்தான். கணவரின் நியூ ஜெர்சி எடிசன் நகர முகவரி கையில் இருக்கும்போதே, கட்டளை 5 விதி 20-இன்படி உள்ளூர் நாளிதழில் விளம்பரம் கொடுத்து ஒருதலைப்பட்ச உத்தரவு வாங்குகிறோம். வேறு வழியே இல்லாதபோதுதான் பத்திரிகை விளம்பரம் செல்லும் என்கிறது சீர்மைச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. எடிசனில் இருப்பவர் நம் நாளிதழின் நான்காம் பக்கத்தைப் படித்திருப்பார் என்று எந்த நீதிபதியும் நம்ப மாட்டார்.

உத்தரவு ஒழுங்காக இருந்தால் சட்டம் வேகமாக ஓடும். அமலாக்க மனு சார்வு செய்யப்பட்ட அடுத்த நீதிமன்ற நாளிலேயே விசாரணை வைக்கச் சொல்கிறது. குழந்தைக்கு உடனடி ஆபத்து இருந்தாலோ, மாநிலத்தை விட்டே கொண்டுபோய்விடுவார்கள் என்ற அச்சம் இருந்தாலோ, குழந்தையை நேரில் மீட்கவே பிடியாணை பிறக்கும். துருக்கி நீதிமன்றத்தின் உத்தரவு ஒன்றை நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றம் 2014-இல் இப்படித்தான் நிலைநிறுத்தியது. துருக்கியோ ஹேக் உடன்படிக்கை நாடு. அந்த வழியாகவும் போய்ப் பார்த்த தந்தைக்குக் கடைசியில் கைகொடுத்தது மாநிலச் சட்டம்.

இனி, கடினமான பகுதி. வெளிநாட்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டம் அடிப்படை மனித உரிமைகளை மீறினால் அந்நாட்டு உத்தரவை ஏற்க வேண்டியதில்லை என்று அதே 105-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. பராமரிப்புச் சட்டத்தை மட்டும் பாருங்கள், அந்நாட்டின் மற்ற சட்டங்களுக்குள் போகாதீர்கள் என்று வரைவாளர்கள் குறிப்பும் எழுதி வைத்தார்கள். 2021-இல் வாஷிங்டன் மாநிலம் அந்தக் கோட்டைத் தாண்டியது. மதம் துறப்பதற்கோ, மனமார்ந்த மத நம்பிக்கைக்கோ, ஓரினச்சேர்க்கைக்கோ மரண தண்டனை விதிக்கும் நாடாக இருந்து, பெற்றோரோ குழந்தையோ அதற்கு ஆளாகும் அபாயம் காட்டப்பட்டால், இந்தச் சட்டத்தையே கையில் எடுக்க வேண்டியதில்லை என்று திருத்தியது. தாயின் உயிருக்கே ஆபத்து இருக்கும்போது பராமரிப்புச் சட்டத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பது நியாயமில்லை. அந்த அளவில் திருத்தம் சரிதான். ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தோன்றிய விலக்கைச் சேர்த்துக்கொண்டே போனால், 1968-க்கு முன்பிருந்த நிலை திரும்பிவிடும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவு தந்தையை முதலில் வைத்து, அவருக்குப் ‘பின்’ தாய் என்கிறது. அங்கே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினால் போதும். 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தந்த விளக்கத்தையும், குழந்தையின் நலனே முதன்மை என்னும் 13-ஆவது பிரிவையும் சேர்த்து எடுத்துச் சொல்லும் நிபுணர் சாட்சி இங்கிருந்துதான் போக வேண்டும். விளக்கத்தால் சமாளிக்கும் அந்த வரியை நாடாளுமன்றமே திருத்திவிட்டால் என்ன என்று நான் பல மேடைகளில் கேட்டுவிட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

முதல் அமர்வு பதிவு நடைமுறை பற்றியது. கட்டுரையாளர்கள் உத்தரவின் இறுதிப் பத்தியோடு நிற்காமல், எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு எப்படிச் சார்வு செய்யப்பட்டது என்ற பக்கத்தையும் எடுத்து அவைக்குக் காட்டுமாறு கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.