விழாமல் நடப்போம்

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற முதியோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



முதல் வெள்ளிதோறும் நடமாட இயலாதோருக்கு நற்கருணை எடுத்துச் செல்லும்போது, பல வீடுகளில் நாம் கேட்கும் சொல் ஒன்று உண்டு. "அம்மாவை எழுந்திருக்கவே விடுறதில்லை சாமி. எல்லாம் கட்டிலுக்கே வந்துடும்." அன்பினால் சொல்லும் சொல்தான். ஆனால் அந்த அன்பே அம்மாவை மீண்டும் விழச் செய்யக்கூடும் என்றால் நம்புவீர்களா?

ஒருமுறை விழுந்தவருக்குப் பயம் வருகிறது. பயத்தினால் நடை குறைகிறது. நடை குறையவே தொடைச் சதை மெலிகிறது, கால் தடுமாறுகிறது, மறுபடியும் விழுகிறார். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர். அவர்களுள் மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள்.

ஆகவே கால்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 1990-களில் முதியோருக்கு வீட்டிலேயே கற்பித்த எளிய பயிற்சிகள், விழுவதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. அத்தகைய பயிற்சிகள் மூன்றைச் சொல்வோம்.

முதலாவது, கைப்பிடியுள்ள கனத்த நாற்காலியைச் சுவரோரம் போட்டு, மெதுவாக உட்கார்ந்து எழுவது. இரண்டாவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. மூன்றாவது, நிற்க இயலாதோர் உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டி, ஐந்து எண்ணி, மடக்குவது. ஐந்தைந்து முறையாகத் தொடங்கி, வாரத்தில் மூன்று நாளாவது செய்யுங்கள். அருகில் ஒருவர் நிற்கட்டும். மூச்சை அடக்க வேண்டாம். தலைசுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்துங்கள். இதய நோய் உள்ளவர்களும் எலும்பு முறிந்தவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

அடுத்து வீடு. குளியலறையில் ஈரமும் சோப்பும் எண்ணெயும் சேர்ந்தால் ஆபத்து. துண்டு போடும் கம்பி ஆளைத் தாங்காது. சுவரில் இறுக்கிப் பொருத்திய கைப்பிடியே தாங்கும். உட்கார்ந்து குளியுங்கள், உள்ளே தாழிடாதீர்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். விழித்ததும் நடந்துவிடாமல், ஒரு நிமிடம் கட்டிலோரம் உட்காருங்கள். சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். நழுவும் கால்மிதி, சுருண்ட பாய், தரையில் இழுபடும் வேட்டி ஆகியவற்றைக் கவனியுங்கள்.

பெரியோர்களே, பிள்ளைகள் ஏசுவார்கள் என்று அஞ்சி, விழுந்ததை மறைக்காதீர்கள். பிள்ளைகளே, ஏசாதீர்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த மாத்திரைக்குப் பின் விழுந்தார் என்று கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரையும் தடுமாறச் செய்யும்.

நம் பங்கில் ஒரு தாத்தா விழுந்து எட்டு மாதம் கட்டிலில் இருந்தார். பேரன் தினமும் நாற்காலிப் பயிற்சி செய்வித்தான். சென்ற கிறிஸ்துமஸ் அன்று ஊன்றுகோலுடன் கோயில் படிவரை வந்து நின்றுவிட்டார். "பிடிக்க ஒன்றுமில்லையே, சாமி" என்றார். அலங்கார வளைவுக்குத் திட்டமிட்ட நமக்கு அந்தக் குறை தென்படவில்லை. இவ்விழாவின் நினைவாக அப்படிகளில் கைப்பிடிக் கம்பி அமைப்போம். உங்கள் வீட்டுக் கைப்பிடியை நீங்கள் அமையுங்கள். அடுத்த விழாவுக்கு நம் பெரியோர் தம் காலாலேயே நடந்து வரட்டும்!