கூலியையும் எழுதுங்கள்

இன்று பட்டம் பெறும் செல்வங்களே,

சேலம் ஏற்காடு சாலையில் ஒரு நுழைவு வளைவைப் பார்த்திருப்பீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸின் நினைவாக இன்று நிற்பது அது. அந்த நிறுவனத்தை 1930களில் தொடங்கிய டி. ஆர். சுந்தரம், பெயரின் முதலெழுத்திலேயே திருச்செங்கோட்டைச் சுமந்தவர். லீட்ஸில் துணித் தொழில் படித்தவர். மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' 1938இல் இந்த நிறுவனத்தால் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்தது.

அதே நிறுவனத்திலிருந்து 1950இல் வந்த 'மந்திரி குமாரி'க்கு இசை ஜி. ராமநாதன் என்று எல்லாருக்கும் தெரியும். அதில் வயலின் வாசித்தவர் யார்? எந்த ஊர்க்காரர்? ஒரு பாட்டுக்கு என்ன கூலி வாங்கினார்? வேலை இல்லாத மாதத்தில் வீட்டில் உலை எப்படி வைத்தார்கள்? இந்தக் கேள்விகள்தான் என் பிழைப்பு, என் படிப்பு, என் வாழ்க்கை.

முனைவர் பட்டத்துக்கு இந்தக் கேள்விகளையே தலைப்பாகச் சொன்னபோது, "இசையென்றால் ராகம், தாளம், கூலிக் கணக்கெல்லாம் ஆய்வா?" என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. பதிலை எனக்குக் கற்றுத் தந்தவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்த ஒரு முதிய வாத்தியக்காரர். வாசித்த ஒவ்வொரு பாட்டையும், தேதி, சுருதி, கைக்கு வந்த பணம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். "பொங்கல் கழிச்சு வாங்க தம்பி, எடுத்துத் தர்றேன்" என்றார். வேறு வேலைகளில் மூழ்கி, நான் போனது சித்திரையில். அவர் காலமாகியிருந்தார். நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தது. அன்று என்னோடு வீடு திரும்பிய குற்ற உணர்வு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நீங்கள் படித்தது வணிகமோ வேதியியலோ, இசைக் கலைஞர்களைப் பற்றி எழுத அது தடையல்ல. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை நூலைத் தந்த ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். 1947இல் 'யாழ் நூல்' தந்த விபுலாநந்தர் அறிவியல் பட்டதாரி. வணிகம் படித்தவருக்குக் கணக்கேடு பேசும். கணினி படித்தவருக்கு ஒலிநாடா பேசும்.

ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் பரமத்தியிலும் மாரியம்மன் பண்டிகைக்கு இன்றும் பம்பை அடிக்கிறார்கள், கூத்துக் கட்டுகிறார்கள். இந்த ஆண்டு உங்கள் ஊர்ப் பண்டிகை முடிந்த மறுநாள், அந்தப் பம்பைக்காரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். பெயர், ஊர், கற்றுக்கொடுத்தவர், வாங்கிய கூலி, நான்கையும் கேட்டு எழுதுங்கள். அவர் அனுமதித்தால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எழுதியதில் ஒரு படியை அவரிடமே கொடுங்கள்.

பிறகு போகலாம் என்று நானும் ஒருநாள் நினைத்தேன். நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.