கூட்டு வியாபாரமும் விமானிகள் சங்கமும்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்கச் செயற்குழு உறுப்பினருமான அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேசப்போவது ஆகாய விமானம் ஓட்டும் விமானிகளின் சங்கத்தைப் பற்றி. பால்வெட்டும் நமக்கும் வானத்தில் பறக்கிறவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் ஒரு மாதத்தில் வாங்கும் சம்பளத்தை நாம் ஒரு வருடத்திலும் காண்பதில்லை. அது உண்மைதான். ஆனால் சம்பளம் எவ்வளவு பெரிதானாலும், கூலி கொடுக்கிறவன் ஒரு பக்கம், உழைக்கிறவன் ஒரு பக்கம் என்ற கணக்கு மாறுவதில்லை. முதலாளி வெளிநாட்டில் கூட்டாளி தேடிக்கொள்ளும்போது உள்ளூர்த் தொழிலாளியின் கதி என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ள, அந்த விமானிகளின் அனுபவத்தைப் போல் நல்ல பாடம் வேறில்லை.

முதலில் இந்தக் கூட்டு வியாபாரம் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு நாட்டு விமானக் கம்பெனி இன்னொரு நாட்டில் இஷ்டம்போல் தளம் போட்டுப் பறக்க முடியாது. எந்தக் கம்பெனி எங்கிருந்து எங்கே பறக்கலாம் என்பதை அரசாங்கங்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. ஒரு நாட்டின் கம்பெனி என்று சொல்லிக்கொள்ள, பெரும்பங்கும் நிர்வாகமும் அந்நாட்டார் கையில் இருக்கவேண்டும் என்பது அவ்வுடன்படிக்கைகளில் வழக்கமான விதி. ஆகவே வெளியிலிருந்து வருகிறவன் உள்ளூர்க் கூட்டாளி ஒருவரைப் பிடித்து, அவருக்கு 51 பங்கு, தனக்கு 49 பங்கு என்று புதுக் கம்பெனி திறக்கிறான். இது ஒரு வகை. இன்னொரு வகையில் புதுக் கம்பெனி கிடையாது. இரண்டு கம்பெனிகள் ஒரே வழித்தடத்தில் கலந்து பறந்து, வரவையும் செலவையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டு வகையிலும் தொழிலாளி கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: லாபத்தைப் பங்கு போட்டுவிட்டீர்கள், வேலையை எப்படிப் பங்கு போடப்போகிறீர்கள்?

இந்தக் கேள்வியை ஆஸ்திரேலியாவில் கேட்டார்கள். அங்கே குவாண்டாஸ் என்பது பழம்பெரும் விமானக் கம்பெனி. 1920-ஆம் ஆண்டு குவீன்ஸ்லாந்தில் தொடங்கியது. அதன் நெடுந்தூர விமானிகளின் சங்கத்திற்கு ஆஸ்திரேலிய மற்றும் சர்வதேச விமானிகள் சங்கம் என்று பெயர். 2011-ஆம் ஆண்டு இவர்களுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவேண்டிய நேரம். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிர்வாகம் ஒரு திட்டத்தை வெளியிட்டது. வெளிநாட்டுச் சேவையில் ஆண்டுக்கு 20 கோடி வெள்ளிக்கு மேல் நஷ்டம். ஆகவே ஏறக்குறைய ஆயிரம் வேலைகள் குறைக்கப்படும். ஜப்பான் ஏர்லைன்ஸும் மிட்சுபிஷியும் சேர்ந்த ஜெட்ஸ்டார் ஜப்பான் என்ற கூட்டுக் கம்பெனி வரும். அதோடு ஆசியாவில் தளம் வைத்து ஓர் உயர்தர விமானக் கம்பெனியும் தொடங்கப்படும் என்பது திட்டம். அந்தத் தளத்திற்குப் பேச்சில் அடிபட்ட ஊர்கள் எவை தெரியுமா? நம்முடைய கோலாலம்பூரும் சிங்கப்பூரும்தான்.

விமானிகள் சங்கம் வைத்த முக்கியக் கோரிக்கை சம்பள உயர்வு அல்ல. குவாண்டாஸ் பெயரில் டிக்கெட் விற்கப்படும் விமானத்தை யார் ஓட்டினாலும், குவாண்டாஸ் விமானிக்குரிய சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் குறையாமல் கொடுக்கவேண்டும் என்ற விதியை ஒப்பந்தத்தில் எழுதுங்கள் என்று கேட்டார்கள். அவர்களுடைய பயத்திற்குக் காரணம் இருந்தது. நியூசிலாந்தில் ஜெட்கனெக்ட் என்ற கிளைக் கம்பெனியை குவாண்டாஸ் வைத்திருந்தது. விமானத்தில் குவாண்டாஸ் வர்ணம், வாலில் குவாண்டாஸ் கங்காரு. ஆனால் விமானிக்கு நியூசிலாந்துச் சம்பளம், அதுவும் குறைவு. இதை எதிர்த்துச் சங்கம் தொழில் தீர்ப்பு மன்றத்திற்குப் போனது. ஆஸ்திரேலியச் சட்டம் அங்கே செல்லாது என்று 2011-இல் அவ்வழக்கு தள்ளுபடியானது. சட்டம் எல்லையில் நின்றுவிட்டபடியால், ஒப்பந்தத்திலாவது எழுதி வாங்குவோம் என்று சங்கம் முடிவு செய்தது.

நிர்வாகம் மறுத்தது. கம்பெனியை எப்படி நடத்துவது என்பது எங்கள் உரிமை, அதில் சங்கம் தலையிட முடியாது என்றது. நமக்குப் பழக்கமான பதில்தான்.

விமானிகள் எடுத்த நடவடிக்கையையும் கேளுங்கள். கம்பெனிக் கழுத்துப்பட்டியைக் கழற்றிவிட்டுச் சிவப்புக் கழுத்துப்பட்டி கட்டினார்கள். பறக்கும்போது ஒலிபெருக்கியில் பிரயாணிகளுக்குத் தங்கள் வழக்கை எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் ஒரு விமானத்தையும் நிறுத்தவில்லை. பொறியாளர் சங்கமும் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கமும் தங்கள் ஒப்பந்தத்திற்காகச் சிறுசிறு வேலைநிறுத்தங்கள் நடத்திக்கொண்டிருந்தன.

2011 அக்டோபர் 28-ந் தேதி குவாண்டாஸ் பங்குதாரர் பொதுக்கூட்டம். தலைமை நிர்வாகி ஆலன் ஜாய்ஸுக்கு ஏறக்குறைய 50 லட்சம் ஆஸ்திரேலிய வெள்ளி மதிப்புள்ள ஊதியத்திற்கு அங்கே சம்மதம் கிடைத்தது. மறுநாள், சனிக்கிழமை மாலை, உலகம் முழுவதும் குவாண்டாஸ் விமானங்கள் அத்தனையும் தரையில் நிறுத்தப்படுகின்றன, திங்கட்கிழமை இரவு முதல் மூன்று சங்கங்களின் உறுப்பினர்களுக்கும் கதவடைப்பு என்று அவர் அறிவித்தார். 108 விமானங்கள் 22 ஊர்களில் நின்றன. பல்லாயிரக்கணக்கான பிரயாணிகள் ஆங்காங்கே தவித்தார்கள். கழுத்துப்பட்டியின் நிறத்தை மாற்றியவர்களுக்கும் கதவடைப்பு!

அரசாங்கம் உடனே ஃபேர் வொர்க் ஆஸ்திரேலியா என்னும் தொழில் தீர்ப்பு மன்றத்திடம் போனது. திங்கட்கிழமை அதிகாலை மன்றம் உத்தரவு போட்டது: இரு தரப்பும் எல்லா நடவடிக்கைகளையும் கைவிடவேண்டும், 21 நாள் பேசிப் பார்க்கவேண்டும், முடியாவிட்டால் மன்றமே தீர்ப்புச் சொல்லும். விமானங்கள் மறுபடி பறந்தன. ஆனால் தோழர்களே, அந்த உத்தரவின் உட்பொருளைக் கவனியுங்கள். போராடும் உரிமை விமானிகள் கையை விட்டுப் போனது. கதவை அடைத்தவரும் நடவடிக்கையைக் கைவிட்டார். ஆனால் அவர் விரும்பியதும் அதுதான். பேச்சுவார்த்தை முறிந்தது. 2013 ஜனவரியில் தீர்ப்பு வந்தபோது ஆண்டுக்கு 3 சதவிகிதச் சம்பள உயர்வு கிடைத்தது. எந்த விதிக்காக 1,600-க்கு மேற்பட்ட விமானிகள் ஒன்றுகூடி நின்றார்களோ, அந்த விதி கிடைக்கவில்லை.

அவர்கள் தோற்றதற்குக் காரணம் என்ன? ஒற்றுமை குறைவு அல்ல. கூட்டுக் கம்பெனிகள் முளைத்து, கிளைகள் விட்டு, நிர்வாகத்தின் கையில் மாற்று வழி வந்த பிறகு அந்த விதியைக் கேட்கவேண்டியிருந்தது. ஜெட்ஸ்டார் 2004-லேயே பறக்கத் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரில் ஜெட்ஸ்டார் ஏசியாவும் அதே ஆண்டு வந்துவிட்டது. வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

முன்கூட்டியே எழுதி வாங்கியவர்களின் கதையும் உண்டு. அமெரிக்காவில் டெல்டா விமானக் கம்பெனியும், ஐரோப்பாவின் ஏர் பிரான்ஸ்–கே.எல்.எம். கம்பெனியும் 2009-இல் அட்லாண்டிக் கடல்வழிப் பறப்பில் கூட்டுச் சேர்ந்தன. வரவு செலவு இரண்டும் பொது. அப்படியானால் ஒரு விமானத்தை டெல்டா ஓட்டினாலும் பிரெஞ்சுக்காரர் ஓட்டினாலும் முதலாளிக்கு ஒன்றுதான். விமானிக்கு ஒன்றாகுமா? அவன் வேலையல்லவா போகிறது! டெல்டா விமானிகள் 1931-இல் தோன்றிய அமெரிக்க விமானிகள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் கூட்டுப் பறப்பில் ஏறக்குறையப் பாதி தங்களுக்கு என்று எழுதி வாங்கினார்கள். ‘நியாயமான பங்கு’ என்று பொதுப்படையாக எழுதிவிட்டு வரவில்லை. எத்தனை ஆசனம், எத்தனை கிலோமீட்டர் என்று பெருக்கிக் கணக்கிடவேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒரு கணக்கு முடிக்கவேண்டும். எந்த நிலையிலும் 48.5 சதவிகிதத்திற்குக் குறையக்கூடாது என்று எண்ணாகவே எழுதினார்கள்.

2015 மார்ச்சில் கணக்கு முடிந்தபோது பங்கு குறைந்திருந்தது. சங்கம் ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டிப் புகார் கொடுத்தது. நிர்வாகம் வாதாடலாம், சாக்குச் சொல்லலாம். எண்ணை அழிக்க முடியாது. முடிவில் பணம் கொடுத்து அந்தப் புகாரைத் தீர்த்துக்கொள்ளவேண்டியதாயிற்று. போன பறப்பு திரும்பி வரவில்லை என்பது உண்மை. ஆனால் ஆஸ்திரேலிய விமானிகள் விமானங்கள் நின்று, கதவடைப்பு அறிவிக்கப்பட்டும் பெறமுடியாத ஒன்றை இவர்கள் பெற்றார்கள். கூட்டாளியிடம் வேலை போனால் அதற்கு முதலாளி பதில் சொல்லவேண்டும் என்ற நிலையை உண்டாக்கினார்கள்.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். செக்ரோலில் பெயர் விழாதவனுக்குச் சம்பள நாளில் காசு விழாது என்பது எனக்குத் தெரியும். ஒப்பந்தமும் அப்படித்தான். அதில் எண்ணாக விழாத வாக்குறுதிக்குத் தீர்ப்பு மன்றத்தில் எடை கிடையாது.

இனி நம் மனச்சாட்சியைத் தொடும் ஒரு விஷயத்திற்கு வருகிறேன். ஆஸ்திரேலிய விமானி தன் வேலைக்காகப் போராடினான், சரி. ஆனால் அந்த வேலை கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வந்தால் நம் பிள்ளைகளுக்கல்லவா கிடைக்கும்? அதை நாம் ஏன் எதிர்க்கவேண்டும் என்று ஒருவர் கேட்டால் என்ன பதில்?

தோழர்களே, நம் பாட்டன்மார் இந்த மண்ணுக்கு வந்த வரலாற்றை நினையுங்கள். அவர்கள்மேல் பாசம் கொண்டு யாரும் கப்பல் ஏற்றவில்லை. கூலி மலிவு என்றுதான் கங்காணி மூலமாகக் கொண்டுவந்தார்கள். மலிவு என்று அழைக்கப்பட்டவனுக்கு மலிவு தீர்ந்த அன்று என்ன மரியாதை கிடைக்கும் என்பதை நாம் அறிவோம். அந்த விமானிகள் கேட்ட விதியை மறுபடி படித்துப் பாருங்கள். ஆசியாக்காரன் ஓட்டக்கூடாது என்று அவ்விதி சொல்லவில்லை. யார் ஓட்டினாலும் அதே கூலி கொடு என்றுதான் சொன்னது. அது கிடைத்திருந்தால் நம் பிள்ளைக்கும் அந்தச் சம்பளம்தான். வேலையைப் பாதுகாக்க ஒருவர் இன்னொரு நாட்டானை விரட்டினால் அதை நாம் ஆதரிக்க முடியாது. சம வேலைக்குச் சமக் கூலி என்று கேட்டால் அது நம்முடைய வழக்கும்தான்.

கூட்டாளி நாட்டுத் தொழிலாளிக்குக் கிடைத்த பலனையும் பாருங்கள். மலேசிய விமானக் கம்பெனியோடு குவாண்டாஸ் நடத்திய பேச்சு 2012 மார்ச்சில் முறிந்தது. அந்த உயர்தரக் கம்பெனி பிறக்கவேயில்லை. சீனக் கூட்டாளியோடு ஹாங்காங்கில் தொடங்க நினைத்த ஜெட்ஸ்டாருக்கு 2015-இல் அங்குள்ள அதிகாரிகள் அனுமதி மறுத்தார்கள். சிங்கப்பூரில் குவாண்டாஸ் 49 பங்கு வைத்திருந்த ஜெட்ஸ்டார் ஏசியா இருபது ஆண்டுகளுக்கு மேல் பறந்து, 2025 ஜூலை 31-ந் தேதி மூடப்பட்டது. 500-க்கு மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். ஈட்டுத்தொகை கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்த 13 விமானங்களை ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்புவதாகக் கம்பெனி அறிவித்தது. விமானத்திற்குப் போக்கிடம் இருந்தது, தொழிலாளிக்கு இல்லை. செலவு குறைவு என்று இங்கே வந்த முதல், செலவு ஏறியதும் திரும்பிப் போய்விட்டது.

ஆஸ்திரேலியாவில் அந்தக் கோரிக்கை முற்றாகச் செத்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2023 டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேறு கம்பெனி மூலம் அனுப்பப்படும் தொழிலாளிக்கும், அவன் வேலை செய்யும் கம்பெனியின் ஒப்பந்தச் சம்பளத்தையே கொடுக்கும்படி உத்தரவிட மன்றத்திற்கு அதில் அதிகாரம் உண்டு. நாட்டுக்குள் மட்டுமே அது செல்லும். எல்லைக்கு அப்பால் இன்னும் ஒப்பந்தமும் சங்கங்களின் நட்பும்தான் துணை.

நமக்கு இதிலிருந்து மூன்று பாடம். முதலாவது, வேலை கைமாறும் பேச்சு கிளம்பும்போதே சங்கம் பேசவேண்டும். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, நிலம் யார் யார் கைக்கோ போயிற்று; அந்த நிலத்தில் உழைத்தவன் வேலையும் வீடும் போய் நின்றான். அந்த வேதனையில்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்து, தொழிலாளரின் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்கியது. சொத்து மாறும்போது தொழிலாளியின் நிலை என்ன என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல.

இரண்டாவது, எதையும் எண்ணாக எழுதி வாங்கவேண்டும். எத்தனை பேருக்கு வேலை, எந்த வேலைக்கு என்ன கூலி, எந்த மாதத்தில் கணக்குப் பார்ப்பது, குறைந்தால் என்ன ஈடு என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கவேண்டும்.

மூன்றாவது, மலிவாக அழைத்துவரப்பட்டவனைப் பகைக்கக்கூடாது. கொந்தராத்துக்காரனிடம் வேலை செய்கிறவரும், வேறு நாட்டிலிருந்து வந்தவரும் நம் கூலியைக் குறைக்க வந்தவர்கள் அல்லர். அவர்கள் கூலி குறைவாக இருக்கும்வரை நம் கூலிக்கும் ஆபத்து. அவர்களுக்கும் நம் கூலியைக் கேட்பதே நம்மைக் காக்கும் வழி.

ஆகவே நான் முன்வைக்கும் யோசனை இது. அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன்னால், நம் கிளையில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு அமைப்போம். அதில் பெண் தொழிலாளர் இருவராவது இருக்கட்டும். நடப்பு ஒப்பந்தத்தை ஒவ்வொரு விதியாக வாசித்து, கொந்தராத்து வேலையைப் பற்றியும் தோட்டம் கைமாறுவதைப் பற்றியும் அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பட்டியல் போடுவோம். வாசித்துக் காட்டும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.