கேம் கம்ப்யூட்டரின் எஸ்.எஸ்.டி.யில் எதை ஏற்றலாம், எதை வைக்கக் கூடாது?

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து 1982இல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து 2018இல் ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்டவன் கேம் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன பேசப் போகிறான் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். ஆனால் எது முன்னால் இருக்க வேண்டும், எது உள்ளே இருக்க வேண்டும் என்பது 36 வருடம் நான் பார்த்த வேலை. கேஷ் கவுண்டரில் இருப்பவர் அன்றைக்குத் தேவையான பணத்தை மட்டும் டிராயரில் வைத்துக்கொள்வார். மீதி ஸ்ட்ராங் ரூமில் இருக்கும். கம்ப்யூட்டரில் எஸ்.எஸ்.டி. என்பது கவுண்டர் டிராயர். ஹார்டு டிஸ்க் என்பது உள் அறை. இன்றைய பேச்சின் பாதி இதிலேயே முடிந்துவிட்டது. மீதிப் பாதியை நான் நஷ்டப்பட்டுக் கற்றேன்.

2023 மே மாதம் என் பேரன் பத்தாம் வகுப்பு முடித்தான். வாக்குக் கொடுத்தபடி கேம் கம்ப்யூட்டர் வாங்கினோம். பட்ஜெட் காரணமாக 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று. என் பழைய கம்ப்யூட்டரில் இருந்த 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கையும் கழற்றி அதிலேயே மாட்டிக்கொண்டோம்.

முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றும். ஒரு சிறிய முள் அங்கும் இங்கும் ஓடித் தகவலைத் தேடும். வினாடிக்கு 100 முதல் 200 எம்.பி. வரை படிக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவது எதுவும் இல்லை, எல்லாம் சில்லுதான். சாட்டா வகை வினாடிக்குச் சுமார் 550 எம்.பி. படிக்கும். மதர்போர்டிலேயே பபுள்கம் பட்டை மாதிரிப் பொருத்தும் என்.வி.எம்.இ. வகை 3,500, அதற்கடுத்த தலைமுறை என்றால் 7,000 எம்.பி. வரை படிக்கும். அதனால் விண்டோஸ் சில வினாடிகளில் திறக்கும், கேமில் 'லோடிங்' என்று காத்திருக்கும் நேரம் குறையும். ஆனால் படம் வழுவழுப்பாக ஓடுவதற்கு முக்கியக் காரணம் கிராபிக்ஸ் கார்டு. எஸ்.எஸ்.டி. போட்டால் எல்லாம் பறக்கும் என்று கடையில் சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள்.

அடுத்தது இடம். 500 ஜி.பி. என்று பெட்டியில் போட்டிருக்கும், மாட்டினால் விண்டோஸ் 465 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. 1 டி.பி. வாங்கினாலும் 931தான் தெரியும்.

இனி நம் கணக்கு. எங்கள் வீட்டு எஸ்.எஸ்.டி.க்கு நான் போட்ட பட்ஜெட் இது:

மொத்த வரவு: 465 ஜி.பி.
விண்டோஸ், அதன் அப்டேட்டுகள்: 70
பிரவுசர், டிரைவர்கள், படிப்புக்கான மென்பொருள்கள்: 25
காலியாக விட வேண்டியது: 70
கேம்களுக்கு மிச்சம்: 300

காலியாக ஏன் விட வேண்டும் என்று பேரன் கேட்டான். எஸ்.எஸ்.டி.யில் பழைய எழுத்தின் மேலேயே புதிதாக எழுத முடியாது. ஒரு பகுதியை மொத்தமாக அழித்துத்தான் திரும்ப எழுதும். அதற்குள் புழங்க இடம் வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் வேகம் குறையும். நூற்றுக்குப் பதினைந்து சும்மா இருக்கட்டும்.

அந்த 300 ஜி.பி.யில் என்ன கேம் வைப்பது? இப்போதைய கேம்களின் அளவைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020க்கு 150 ஜி.பி. வேண்டும். இ.ஏ. நிறுவனத்தின் கால்பந்து விளையாட்டான எஃப்.சி. 24க்கு 100. கார் பந்தயமான ஃபோர்ஸா ஹொரைசான் 5க்கு 110. மூன்றையும் கூட்டினால் 360. பட்ஜெட் உதைக்கிறது. ஆகவே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: இந்த மாதம் இதை உண்மையில் விளையாடுகிறோமா? இல்லை என்றால் ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்புங்கள். ஸ்டீமில் இது சுலபம். கேமின் பிராப்பர்ட்டீஸில் 'இன்ஸ்டால்டு ஃபைல்ஸ்' பகுதிக்குப் போய் இடம் மாற்றச் சொன்னால் அதுவே மாற்றிவிடும். 100 ஜி.பி. கேமை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அழித்துவிட்டு 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் மறுபடி இறக்கினால் குறைந்தது இரண்டேகால் மணி நேரம்.

இரண்டாவது: இந்த கேம் எஸ்.எஸ்.டி.யைக் கட்டாயம் கேட்கிறதா? 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3, ஸ்டார்ஃபீல்டு போன்றவை தங்கள் தேவைப் பட்டியலிலேயே எஸ்.எஸ்.டி. வேண்டும் என்று எழுதியிருக்கின்றன. பெரிய நிலப்பரப்பில் ஓடிக்கொண்டே இருக்கும் கேம்கள் போகிற வழியில் தகவலைப் படித்துக்கொண்டே இருப்பவை. ஹார்டு டிஸ்க்கில் வைத்தால் திக்கித் திக்கி ஓடும். சதுரங்கம், சீட்டு, பழைய சிறிய கேம்களுக்கு இந்த ராஜ உபசாரம் தேவையில்லை.

மூன்றாவது: இது போய்விட்டால் திரும்பக் கிடைக்குமா? இந்தக் கேள்வியை நான் அப்போது கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று மேடை ஏறினேன்.

என் பழைய ஹார்டு டிஸ்க்கில் எங்கள் குடும்பப் படங்கள் இருந்தன. மகளின் கல்யாண வீடியோ, ஸ்கேன் செய்த பழைய ஆல்பங்கள், என் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளில் அவர் பேசிய வீடியோ. எல்லாம் சேர்த்து 90 ஜி.பி. புதிய கம்ப்யூட்டரின் வேகத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் அவற்றை எஸ்.எஸ்.டி.யிலும் ஒரு பிரதி போட்டு வைத்தேன். படங்கள் டக்டக்கென்று திறந்தன.

2024 தீபாவளி விடுமுறையில் பேரன் வந்து, "தாத்தா, இடம் பத்தல. உங்க போட்டோ எல்லாம் ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணை அழிச்சிடட்டுமா? ஃபோர்ஸா போடணும்" என்றான். நான் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல், "ஒண்ணு போதும்பா, அழிச்சிடு" என்றேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்றைக்கு நம் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் முன்பே நின்றுவிட்டது. அரிசி மூட்டை, ஃப்ரிட்ஜ், பீரோவின் அடித்தட்டு என்று தூக்கிக்கொண்டிருந்தோம். மேசைக்கு அடியில் தரையில் இருந்த கம்ப்யூட்டரை யாரும் நினைக்கவில்லை. விடியற்காலையில் பார்த்தபோது அதன் அடிப்பாகம் அரை அடித் தண்ணீரில் இருந்தது.

கேபினெட்டின் அடியில் இருப்பது பவர் சப்ளையும் ஹார்டு டிஸ்க்கும். எஸ்.எஸ்.டி. மேலே மதர்போர்டில் இருந்ததால் தப்பித்தது. அதாவது பணம் கட்டிய கணக்கில் எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய கேம்கள் பத்திரமாக இருந்தன. உலகத்தில் வேறெங்கும் இல்லாத 90 ஜி.பி. தண்ணீரில் கிடந்தது.

அதன் பிறகும் ஒரு தவறு செய்தேன். டிஸ்க்கை வெயிலில் காயவைத்து மூன்றாம் நாள் இணைத்துப் பார்த்தோம். சாதாரண ஹார்டு டிஸ்க்கில் காற்றுக்காக ஒரு சிறிய துளை உண்டு. உள்ளே சேறு போயிருந்தால் தட்டு சுற்றும்போது முள் அதைக் கீறிவிடும். நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்காமல், தகவல் மீட்பவர்களிடம் அப்படியே கொண்டுபோக வேண்டும். தெரிந்தது பிறகுதான். 'டிக், டிக்' என்று இரண்டு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

எஸ்.எஸ்.டி.யில் அழித்ததையாவது மீட்கலாமே என்று கடையில் கேட்டேன். அதற்கும் வழியில்லை. ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஃபைலை அழித்தால் பெயர்தான் முதலில் போகும், விஷயம் சில நாள் அங்கேயே கிடக்கும். எஸ்.எஸ்.டி.யில் 'டிரிம்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. அழித்தவுடன், "இந்த இடம் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் சொல்லிவிடும், டிரைவும் சுத்தமாகத் துடைத்துவிடும். வேகத்துக்கு அது நல்லது. கைதவறி அழித்தவனுக்கு அது நல்லதல்ல. தவிரவும் அந்த இடத்தில்தான் ஃபோர்ஸா உட்கார்ந்திருந்தது.

பேரன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அவனாகவே உறவினர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, அவரவர் போனில் இருந்த படங்களைக் கேட்டு வாங்கினான். கல்யாணப் படங்களில் பாதி திரும்பி வந்தது. என் அம்மா பேசிய வீடியோ வரவில்லை. அது வேறு யாரிடமும் இல்லை.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கேட்டான், நான் தலையாட்டினேன். 1980களின் பிற்பகுதியில் எங்கள் கிளைக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தபோது, தினமும் வேலை முடிந்ததும் ஃப்ளாப்பியில் பேக்கப் எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு செட் கிளையில், இன்னொரு செட் வேறு கட்டடத்தில். ஊரார் கணக்குக்கு இரண்டு பிரதி வைத்தவன், தன் அம்மாவின் குரலுக்கு ஒன்று போதும் என்று சொல்லிவிட்டேன்.

நம் ஊருக்கு இது புதுப் பாடமும் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு பல காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1846இல் கலுவா மோம்பிரன் அதைக் கண்டெடுத்து நகல் எடுக்கச் செய்தார். அரியேல் எடுத்த இன்னொரு நகல் பாரீசுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்திலேயே ஒரு பிரதி உள்ளூரில், ஒரு பிரதி வெளியூரில்.

இனி, நான் இப்போது கடைப்பிடிக்கும் முறையைச் சொல்லி முடிக்கிறேன்.

எஸ்.எஸ்.டி.யில்: விண்டோஸ், அன்றாட மென்பொருள்கள், இப்போது விளையாடும் இரண்டு பெரிய கேம்கள். அதாவது போனாலும் திரும்பப் போட்டுக்கொள்ளக்கூடியவை மட்டும்.

ஹார்டு டிஸ்க்கில்: முறை வரக் காத்திருக்கும் கேம்கள், விளையாட்டுப் பதிவு வீடியோக்கள், சினிமா, பாட்டு.

திரும்பக் கிடைக்காதவை, அதாவது படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளைகளின் புராஜெக்ட்: கம்ப்யூட்டரில் ஒன்று, வெளியே ஒன்று. எங்கள் வீட்டில் ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து விழுப்புரத்தில் தம்பி வீட்டுப் பீரோவில் வைத்திருக்கிறோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப்பிக்கிறோம். மிக முக்கியமானவற்றைக் கூகுள் டிரைவிலும் போட்டிருக்கிறேன், 15 ஜி.பி. வரை இலவசம். சான்றிதழ்களுக்கு டிஜிலாக்கர் இருக்கிறது.

சின்னச் சின்னக் குறிப்புகள் நான்கு.

ஒன்று, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. 11க்கு மாறுகிறவர்கள் முதலில் படங்களைப் பிரதி எடுங்கள். புதிதாக ஏற்றும்போது ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் திறப்பதற்கான ஃபைல்கள் சில சமயம் ஹார்டு டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடும்.

இரண்டு, எழுதி எழுதி எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். 500 ஜி.பி. டிரைவுக்கு 300 டி.பி. எழுதும் வரை, ஐந்து வருடம் என்று உத்தரவாதம் தருவது சாதாரணம். வகுத்துப் பார்த்தேன், தினமும் 164 ஜி.பி. வருகிறது. எந்தப் பேரனாலும் அவ்வளவு எழுத முடியாது.

மூன்று, தேயாது என்பதால் கெடாது என்று அர்த்தமில்லை. எஸ்.எஸ்.டி. பல நேரம் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே நாளில் நின்றுவிடும். வாரண்டி என்பது டிரைவுக்குத்தான், அதில் இருக்கும் தகவலுக்கு அல்ல. புது டிரைவ் தருவார்கள், பழைய படம் தர மாட்டார்கள்.

நான்கு, மழைக்காலம் வருமுன் கம்ப்யூட்டரைத் தரையில் இருந்து மேசைக்கு ஏற்றுங்கள். செலவு ஒன்றுமில்லை.

பேரன் இப்போது பொறியியல் முதலாம் ஆண்டு. போன மாதம் ஒரு புது கேம் போட இடம் தேடினான். எதையோ அழிக்கப் போனவன் நின்று, "தாத்தா, இது வேற எங்க இருக்கு?" என்று கேட்டான். அந்தக் கேள்வி ஒன்று போதும். நீங்களும் வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளை உட்காரவைத்து அதைக் கேளுங்கள்.

பிரதி எடுக்கத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வாருங்கள். நானும் பேரனும் இருப்போம்.